குடியிலிருந்து மீள உதவும் கூட்டங்கள்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் குடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கோயில் சமையற்கட்டில், பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில்தான் நடக்கிறது. என் அண்ணன் குடியை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான கூட்டத்திற்கு நான் போகத் தொடங்கியது அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பு. இதை அறிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லேன். எந்த அமைப்பின் சார்பிலும் பேசவில்லை.

இந்தக் கூட்டம் என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்? எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

பெரும்பாலோர் ‘கூட்டம்’ என்று சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் கூட்டத்தை, சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரத்திற்கு வேலையாகப் போயிருந்த பில் என்பவர், மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று அஞ்சிய ஒரு நாளில், தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தேடிப் போய், பாப் என்னும் அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பாப் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10 அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. அன்று தொடங்கிய முறைதான் இன்றும் நடக்கிறது. மருத்துவரோ சாமியாரோ மேடையில் நின்று புத்தி சொல்வதில்லை. குடித்து அழிந்து மீண்டவர் ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர்கள் கேட்கிறார்கள். கட்டணம் இல்லை. ஒரு பை சுற்றி வரும். விரும்பினால் சில ராண்டு போடலாம், போடாமலும் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு.

குடும்பத்தாருக்கான கூட்டம் அல்-அனான். அது 1951இல் தொடங்கியது. குடிப்பவர் உள்ள வீட்டில் வளரும் பதின்ம வயதினருக்கு அலட்டீன் என்ற கிளை உண்டு. இவற்றோடு பலர் குழப்பிக்கொள்வது ‘சான்கா’வை. அது குடிப்பழக்கத்தையும் போதைப் பழக்கத்தையும் கவனிக்க 1956இல் ஏற்பட்ட தென்னாப்பிரிக்கத் தேசிய மன்றம். அங்கே சமூகப் பணியாளர்களும் செவிலியரும் இருக்கிறார்கள், ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறார்கள். சிகிச்சை சான்கா போன்ற இடத்தில், அதன்பின் வாழ்நாளுக்கான துணை கூட்டத்தில் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரையும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

ஏ.ஏ.யின் தென்னாப்பிரிக்க உதவி எண் 0861 435 722. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் பகுதியைச் சொன்னால் போதும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபாங்க், வெருலம், டோங்காட் என்று எங்கிருந்து கேட்டாலும் போய்வரத் தக்க தொலைவில் உள்ள கூட்டங்களைச் சொல்வார்கள். அவர்களுடைய இணையதளத்திலும் பகுதிவாரியாகப் பட்டியல் உண்டு. சமூக வளர்ச்சித் துறையின் போதைப் பழக்க உதவி எண் 0800 12 13 14. அது இரவிலும் இயங்கும்.

பட்டியலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதல் முறை நான் போனபோது பள்ளிக்கூடத்தின் முன்வாசல் பூட்டியிருந்தது. இது கடவுள் விட்ட வழி என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பினேன். மறுபடி போக மூன்று மாதம் ஆயிற்று. கூட்டம் அன்றும் நடந்திருக்கிறது, பின்வாசல் வழியாகப் போக வேண்டியிருந்திருக்கிறது. ஆகவே தொலைபேசியில் எந்த வாசல், எந்த அறை, பள்ளி விடுமுறை நாட்களிலும் நடக்குமா என்பவற்றைக் கேட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு டாக்சி கிடைக்காத இடமானால் அதையும் சொல்லுங்கள். காரில் வருகிற உறுப்பினர் யாராவது வழியில் ஏற்றிக்கொள்வது வெகு சாதாரணம்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்கிறார்களே, நான் எதற்குப் போகலாம்?

மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். திறந்த கூட்டத்திற்கு மனைவி, மகன், நண்பர், சும்மா தெரிந்துகொள்ள வருகிறவர் என்று யாரும் வரலாம். கணவரோடு சேர்ந்து போக நினைத்தால் திறந்த கூட்டம் எது என்று கேட்டுப் போங்கள்.

முதல் நாளே எழுந்து நின்று “நான் குடிநோயாளி” என்று சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பெயரை மட்டும் சொல்லலாம். “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். சில பக்கங்கள் வாசிப்பார்கள், ஒருவர் சற்று நீளமாகப் பேசுவார், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது இடைமறிப்பதும், பேசி முடித்ததும் “நீங்கள் அப்படிச் செய்திருக்க வேண்டும்” என்று அறிவுரை கூறுவதும் வழக்கமில்லை. நம் வீடுகளில் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் விசித்திரமாகத் தோன்றும். தேநீர் உண்டு, என் அண்ணன் முதல் மூன்று வாரமும் தேநீருக்காகவே போனதாகச் சொல்வார்.

தேவாலய மண்டபத்தில் நடக்கிறதே. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாற்றிவிடுவார்களா?

தேவாலயங்களில் மாலை வேளையில் காலியாகக் கிடக்கும் மண்டபம் இருக்கிறது, வாடகையும் குறைவு; காரணம் அவ்வளவுதான். கூட்டம் தன் வாடகையைத் தானே கொடுக்கிறது. எந்தச் சபையோடும் அதற்குத் தொடர்பில்லை. ஏ.ஏ.யின் மீட்பு வழியாகிய பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே “நாம் புரிந்துகொண்ட விதத்தில்” என்ற தொடரும் சேர்ந்தே வருகிறது. மாரியம்மனை நினைத்துச் சொல்பவரும், அல்லாவை நினைத்துச் சொல்பவரும், கடவுளே இல்லை என்பவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். சில இடங்களில் முடிவில் கிறித்தவ வழிபாட்டு வாசகம் சொல்லப்படுவதும் உண்டு. உங்களுக்கு ஒவ்வாவிட்டால் பேசாமல் நிற்கலாம்.

தேவாலயங்கள் தாமே நடத்தும் மீட்புக் குழுக்களும் நம் ஊரில் இருக்கின்றன. அவை வெளிப்படையாகவே கிறித்தவக் குழுக்கள். எதற்குப் போகிறோம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

சாட்ஸ்வொர்த்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?

இந்த அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. டர்பனின் மாகசின் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்களைச் சட்டம் போட்டுப் பெயர்த்து 1960களில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அக்குடும்பங்கள் இன்னும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்திற்கு ஒருவர் சமைக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ரகசியம் காப்பது எளிதன்று. கூட்டத்தின் அடிப்படை விதி, அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது. அமைப்பின் பெயரிலேயே ‘பெயரில்லாதவர்’ என்ற பொருள் இருக்கிறது. நான் இங்கே என் பெயரையும் அண்ணன் பெயரையும் எழுதாததற்கும் காரணம் அதுவே. இந்த விதியைக் காவல்துறை வந்து காப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இழக்க அதே மானம் இருப்பதால்தான் அது பெரும்பாலும் காக்கப்படுகிறது.

அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் இரண்டு ஊர் தள்ளிப் போங்கள். சாட்ஸ்வொர்த்துக்காரர் பைன்டவுனுக்கோ நகர மையத்திற்கோ போகலாம். திரையில் நடக்கும் கூட்டங்களில் முகத்தை மறைத்துக்கொண்டும் கேட்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தெரு முனையில் குடித்தவர் விழுந்து கிடந்ததை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அதற்கு வராத வெட்கம் கூட்ட வாசலில் மட்டும் வருவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

புரட்டாசி மாதம் முழுவதும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. அப்படியென்றால் அவர் குடிநோயாளி இல்லைதானே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் எங்களை ஏமாற்றியதும் இதுதான். செப்டம்பர் நடுவில் மாதம் பிறந்ததும் என் அண்ணன் மீன், இறைச்சி, கேன் மூன்றையும் ஒன்றாக விடுவார். (கேன் என்பது கரும்புச் சாராயம் என்று தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.) விளக்கேற்றுவார், பாட்டுப் பாடுவார். அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுவார். நானோ அந்த முப்பது நாளும் அவர் நாள்காட்டியைப் பார்க்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரதம் முடிக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே புட்டி வாங்கி வந்து காரின் பின்பெட்டியில் வைத்துவிடுவார். விரதம் முடிந்த அன்று மாலைக்குள் விட்ட மாதத்திற்கும் சேர்த்துக் குடித்துத் தீர்ப்பார்.

ஒரு மாதம் நிறுத்த முடிவது நல்லதுதான். உடலும் ஈரலும் அந்த அளவுக்கு ஓய்வு பெறுகின்றன. ஆனால் குடிநோயை மருத்துவர்கள் அளப்பது இடைவெளியின் நீளத்தை வைத்து அன்று. தொடங்கினால் அளவோடு நிறுத்த முடிகிறதா, வேலையும் உறவும் கெட்டபின்பும் தொடர்கிறாரா, முன்பு போதையேற்றிய அளவு இப்போது போதாமல் போகிறதா என்பவற்றைத்தான் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆடிட் என்னும் பத்துக் கேள்விப் பட்டியலில் 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று பொருள். அதை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ கேட்டு வாங்கி அவரே நிரப்பிப் பார்க்கட்டும்.

விரதத்திற்கு முடியும் தேதி உண்டு, அதனால்தான் தாங்க முடிகிறது. கூட்டத்தில் தேதியே குறிப்பதில்லை. “இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நாளை அதையே புதிதாகச் சொல்கிறார்கள். முப்பது நாள் வைராக்கியம் பழகிய நம்மவருக்கு இந்த ஒரு நாள் கணக்கு அற்பமாகத் தோன்றும். என் அண்ணனுக்கு அது பிடிபட ஓராண்டு ஆயிற்று.

தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு நாளையோடு ஒரேயடியாக நிறுத்தப்போகிறார். நேரே கூட்டத்திற்கு அழைத்துப்போய்விடலாமா?

காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவரானால், கூட்டத்திற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திற்குப் பிறகு நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, இடம் காலம் மறந்து, காய்ச்சலோடு பிதற்றும் நிலை ஏற்படும். இது உயிரைக் கொல்லக்கூடியது. சாமி வந்திருக்கிறது என்றோ செய்வினை என்றோ எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவருக்கு மறுமுறை ஆபத்து கூடுதல்.

மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்துச் சில நாளில் அந்த நிலையைக் கடக்க வைத்துவிடுவார்கள். மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்புத் திட்டம், இருந்தால், இந்நாட்டின் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் குடிப்பழக்கத்திற்கான மருத்துவமனைச் சிகிச்சை ஆண்டுக்கு மூன்று வாரம் வரை அடங்கும். இதை அவர்களாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற மாத்திரை உண்டாமே?

உண்டு, கொடுக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்பது குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரச் செய்யும் மருந்து. தான் உட்கொள்வதை அறிந்து, கவனமாக இருப்பவருக்கே மருத்துவர் அதை எழுதுவார். அறியாதவர் அதன்மேல் அரைப் புட்டி குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் இருக்கும்.

மாமாவுக்கு ஆங்கிலம் போதாது. தமிழில் கூட்டம் இருக்கிறதா?

டர்பனில் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நம் இளையோருக்கு அதுவே வீட்டு மொழியாகிவிட்டது. தமிழில் கேட்டால்தான் மனத்தில் இறங்கும் என்று சொல்லும் முதியவர்களும், ஒப்பந்த வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களும் இணையவழிக் கூட்டங்களை நாடலாம். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள குழுக்கள் தமிழிலேயே நடத்துகின்றன. அமைப்பின் அடிப்படை நூலும் தமிழில் கிடைக்கிறது. இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது என்பதை மறக்க வேண்டாம்: அங்கே இரவு 8 மணிக் கூட்டம் நமக்கு மாலை 4.30க்கு. ஓய்வு பெற்றவருக்கு அது வசதியான வேளை, ஏனென்றால் பலருக்குக் கை புட்டியைத் தேடத் தொடங்கும் நேரமும் அதுதான்.

மருமகள் ஒளித்துக் குடிக்கிறாள். ஆண்கள் நடுவில் எப்படிப் போய் உட்காருவாள்?

பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் உள்ளன. உதவி எண்ணில் அதையே கேளுங்கள். கலந்த கூட்டமானால் பெண்கள் இருக்கும் பக்கம் உட்காரச் சொல்லுங்கள். வழிகாட்டியை, அதாவது ஸ்பான்சரை, பெண்ணுக்குப் பெண்ணாகவே தேர்ந்துகொள்வது நெடுநாளைய வழக்கம். புதிதாக வரும் பெண்ணிடம் தனியே பேச முற்படும் ஆண் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருக்கலாம். அப்படிப்பட்டவரை மூத்த பெண் உறுப்பினரிடம் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றை மாமியார்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மகன் குடித்தால் ‘பழக்கம்’, மருமகள் குடித்தால் ‘குடும்ப மானம்’ என்று பேசும் வீட்டில் அவள் ஒளித்துத்தான் குடிப்பாள்.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். நான் மட்டும் போய் என்ன பயன்?

என் அண்ணன் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நான் தனியாகப் போனவள் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதுவரை புட்டியை ஒளிப்பது, கொட்டுவது, முதலாளிக்குத் தொலைபேசி செய்து “காய்ச்சல்” என்று பொய் சொல்வது, அவர் கடனை அடைப்பது ஆகியவற்றைச் செய்துகொண்டிருந்தேன். பின்னாளில், 2020இல் ஊரடங்கின்போது, அரசாங்கமே மார்ச் 27 முதல் மே மாதக் கடைசி வரை மது விற்பனையை நிறுத்திப் பார்த்தது; அன்னாசிப்பழத்தின் விலை ஏறியதுதான் மிச்சம், வீட்டுக்கு வீடு அதில் ஊறல் போட்டார்கள். நாடே செய்ய முடியாமல் போன அதை ஒரு தங்கை அலமாரிச் சாவியை வைத்துக்கொண்டு செய்துவிட முடியாது என்பதை நான் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அல்-அனானில் முதல் பாடமாகக் கற்றிருந்தேன். பொய் சொல்வதை நான் நிறுத்தியபின் அவர் விழுந்த இடத்தில் மெத்தை இல்லாமல் போயிற்று. அதனால்தான் அவர் வந்தார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் தூங்கத் தொடங்கினேன்.

அடி, உதை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற நிலையில் கூட்டத்திற்காகக் காத்திருக்காமல் முதலில் பாதுகாப்பான இடத்திற்குப் போங்கள். தாமாக வர இயலாத அளவுக்குச் சீரழிந்தவரை நீதிமன்றத்தின் வழியாகச் சிகிச்சைக்கு அனுப்ப 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டத்தில் இடமுண்டு. அதற்குச் சமூகப் பணியாளரை அணுக வேண்டும்.

வேலையில் தெரிந்தால் நீக்கிவிடுவார்களா?

போதையில் வேலைக்கு வருவது வேறு, குடிநோய் இருப்பது வேறு. இரண்டாவதை உடல்நலக் குறைவாகக் கருதி, ஆலோசனையும் மறுவாழ்வுச் சிகிச்சையும் பொருந்துமா என்று முதலாளி ஆராய வேண்டும் என்பதே இந்நாட்டுத் தொழில் விதிகளின் போக்கு. பிடிபட்ட பிறகு சொல்வதைவிட முன்பே தாமாகப் போய்ச் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

முனீஸ்வரனுக்குப் படைத்ததைப் பிரசாதமாக ஒரு மூடி எடுத்துக்கொண்டால் தவறா?

கூட்டத்தில் இதற்கெல்லாம் தீர்ப்பு எழுதுவதில்லை. ஆனால் நிறுத்திப் பல ஆண்டுகளான எவரைக் கேட்டாலும் அந்த ஒரு மூடியைத் தொட மாட்டேன் என்பார். முன்பு சொன்ன மாத்திரையை உட்கொள்பவருக்கு அது வெறும் கொள்கை விஷயமும் அன்று, ஆபத்து. படையலை மாற்றலாமா என்பது உங்கள் குடும்பப் பெரியவரும் பூசாரியும் பேசித் தீர்க்க வேண்டியது. எங்கள் வீட்டில் சுருட்டு, கோழி, புட்டி எல்லாம் முன்போலவே வைக்கிறோம். புட்டியை வாங்குவதும் திறப்பதும் என் சித்தப்பா மகன். படைத்து முடித்ததும் முழுவதையும் மரத்தடியில் ஊற்றிவிடுகிறோம், வீட்டுக்குள் மீதி வருவதில்லை. முனி இதுவரை குறை சொல்லவில்லை.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா, அல்லது மன ஆறுதல்தானா?

2020இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேர் பற்றிய தகவல்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.யோடு இணைக்கும் முறைப்படியான சிகிச்சை பெற்றவர்கள், வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மேலாக இருந்தார்கள். எல்லாருக்கும் பொருந்தும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு இரண்டு மூன்றிற்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் மனநிலையும் வேறு. நால்ட்ரெக்ஸோன் போன்ற, குடிக்கும் ஆசையைத் தணிக்கும் மருந்தையும் மருத்துவரிடம் கேட்கலாம். மருந்து உட்கொள்பவர் ‘உண்மையாக விடவில்லை’ என்று சொல்லும் உறுப்பினர் யாராவது இருந்தால் அவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஐந்து ஆண்டு குடிக்காமல் இருந்தவர் தீபாவளியன்று குடித்துவிட்டார். இனி எந்த முகத்தோடு அங்கே போவது?

அதே முகத்தோடுதான். உறுப்பினராக இருக்க ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்பது அன்று. நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். ஐந்து ஆண்டில் கற்றது எங்கும் போய்விடவில்லை. காவடி விரதம் இடையில் முறிந்தால் அந்த ஆண்டுக்குக் காவடி இல்லை என்று நாம் ஒதுங்கிவிடுவோம். அதே கணக்கை இங்கேயும் போட்டு, அடுத்த புரட்டாசிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று குடித்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். நான் கண்டவரை அதில்தான் உயிர்கள் போயிருக்கின்றன. மறுபடி தொடங்கிப் பல நாள் குடித்திருந்தால் மேலே நடுக்கத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குடித்தது ஒரு நாள் மட்டுமென்றால் இன்று மாலைக் கூட்டத்திற்கே போகலாம். ஸ்பான்சரை அழைக்கக் கூச்சமாக இருந்தால் வாசலுக்குப் போய் நின்றாலே போதும். நாற்காலி அடுக்க யாராவது முன்கூட்டியே வந்திருப்பார்கள்.